பொருநைப் புத்தகம் பொருநைக் கரையில் கிடைக்கிறதா?

பொது நூலகத் துறை 2022 நவம்பரில் தொடங்கி அடுத்த சில மாதங்களுக்குள் ஐந்து இலக்கியத் திருவிழாக்களை நடத்தி முடித்தது. திருநெல்வேலியில் நடந்ததற்குப் பொருநை என்று பெயர். மதுரைக்கு வைகை, தஞ்சாவூருக்குக் காவிரி, கோவைக்குச் சிறுவாணி. சென்னைக்கு மட்டும் ஆற்றின் பெயர் வாய்க்கவில்லை. 2023 ஜனவரியில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நடந்தது வெறும் சென்னை இலக்கியத் திருவிழா. கூவம் இலக்கியத் திருவிழா என்று அழைப்பிதழ் அடிக்க எந்த அதிகாரிக்கும் மனம் வந்திருக்காது.

பெயரில் வேடிக்கை இருந்தாலும் யோசனையில் விஷயம் இருந்தது. மாவட்டம் என்பது அரசாணையில் பிறப்பது. திருநெல்வேலியிலிருந்து 1986-இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-இல் தென்காசி பிரிந்தது. ஆற்றின் பெயரைச் சொன்னால் மூன்று மாவட்டத்துக்காரர்களும் ஒரே பந்தலுக்குள் வந்துவிடுகிறார்கள். புதுமைப்பித்தன் யாருக்குச் சொந்தம், வண்ணதாசன் யாருக்குச் சொந்தம் என்ற பங்காளிச் சண்டைக்கு அங்கே வேலையில்லை.

இன்னொரு நல்லதும் நடந்தது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. தமிழ் விமர்சனத்தில் 'வட்டார இலக்கியம்' என்ற பட்டம் நீண்ட காலமாகச் சிலர் நெற்றியில் மட்டும் ஒட்டப்பட்டு வந்திருக்கிறது. கி. ராஜநாராயணனின் இடைசெவல் பேச்சு வட்டார வழக்கு. ஆர். சண்முகசுந்தரத்தின் கொங்குப் பேச்சு வட்டார வழக்கு. தி. ஜானகிராமனின் கும்பகோணத்துப் பேச்சுக்கு மட்டும் அந்த முத்திரை அவ்வளவாக விழவில்லை. அது ஏதோ பொதுத்தமிழ் போலவே நடமாடியது. தஞ்சாவூர் விழாவுக்கும் ஓர் ஆற்றின் பெயரை வைத்ததும், காவிரியும் ஒரு வட்டாரம்தான் என்றாகிவிட்டது. கரிசலும் கொங்கும் தஞ்சையும் ஒரே வரிசையில் வந்து உட்கார்ந்தன.

அரசு விழா என்றால் கல்லூரிப் பேருந்துகள் வந்து நிற்பதும், பொன்னாடைகள் அடுக்கி வைக்கப்படுவதும், அமைச்சர் வரும்வரை முதல் அமர்வு காத்திருப்பதும் வழக்கம். அதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. பாடப்புத்தகத்தில் மட்டும் பெயர் பார்த்த எழுத்தாளரை ஒரு மாணவி நேரில் பார்த்து, தன் ஊர்ப் பேச்சிலேயே அவர் பேசுவதைக் கேட்டால் செலவு வீண் இல்லை. எனக்கு உறுத்துவது விழா முடிந்த மறுநாள். பந்தலைப் பிரித்த பிறகு அந்த மாணவி தன் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போய் அதே எழுத்தாளரின் நாவலைக் கேட்டால் என்ன ஆகும்?

பெரும்பாலான கிளை நூலகங்களில் உங்களை முதலில் எதிர்கொள்வது போட்டித் தேர்வு அலமாரி. குரூப் 4, குரூப் 2, காவலர் தேர்வு, பொது அறிவுத் தொகுப்புகள். வாசிப்பு மேசைகளில் இருப்பவர்களில் பெரும்பங்கினர் அந்தத் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள். வாடகை வீட்டின் ஒற்றை அறையில் படிக்க இடமில்லாத பிள்ளைக்கு நாற்காலியும் மின்விசிறியும் இலவசமாகத் தருகிற இடம் ஊரில் வேறு எது? ஆகவே அந்த அலமாரி மேல் எனக்கு வருத்தம் இல்லை. அதற்கு அடுத்ததாக நாவல், சிறுகதை, கவிதை என்று வரிசைகள் தொடங்கும். பொன்னியின் செல்வன் தைத்துத் தைத்துப் பருத்திருக்கும். 'நம்ம ஊர்' என்று எழுதிய ஓர் அலமாரியை நான் போன கிளை நூலகங்களில் பார்த்ததில்லை.

வீட்டு வரியில் பத்துப் பைசா

தமிழ்நாட்டில் நூலகம் என்பது அரசு இரக்கப்பட்டுத் தருகிற சலுகை அல்ல. சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948-இல் நிறைவேறி 1950-இல் நடைமுறைக்கு வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். கல்வி அமைச்சராக இருந்தவர் தி. சு. அவிநாசிலிங்கம். பின்னணியில் இருந்தவர் சீர்காழியில் பிறந்த கணித ஆசிரியர் எஸ். ஆர். ரங்கநாதன். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றுச் சில காலத்திலேயே அந்த வேலை பிடிக்காமல் கல்லூரிக்கே திரும்பிவிட நினைத்த மனிதர், இங்கிலாந்து போய்ப் படித்துத் திரும்பியதும் நாடு முழுக்க நூலகம் வேண்டும் என்று கிளம்பிவிட்டார். 1931-இல் அவருடைய ஐந்து விதிகள் நூலாக வந்தன. அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியில் ஒரு மாட்டு வண்டி புத்தகங்களை ஏற்றிக்கொண்டு சுற்று வட்டாரக் கிராமங்களுக்குப் போகத் தொடங்கியது. எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் முன்னின்று செய்த காரியம் அது.

அந்தச் சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. வீட்டு வரி கட்டுகிற ஒவ்வொரு ரூபாயோடும் இன்று 10 பைசா நூலகத்துக்காகச் சேர்த்துக் கட்டுகிறோம். ரசீதை எடுத்துப் பார்த்தால் தனி வரியாகவே இருக்கும். நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். நகராட்சியும் ஊராட்சியும் வசூலிக்கும் அந்தத் தொகை அந்தந்த மாவட்ட ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும். சட்டம் அதை உள்ளூர் நூலக ஆணைக்குழு என்கிறது. வசூலித்த பணத்தை உள்ளாட்சிகள் உரிய நேரத்தில் கைமாற்றுவதில்லை என்பது இந்தத் துறையின் பழைய புகார்.

இந்த ஏற்பாட்டின் அழகைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விருத்தாசலத்து வீட்டின் வரி கடலூர் மாவட்ட நூலகங்களுக்கு, கோவில்பட்டி வீட்டின் வரி தூத்துக்குடி மாவட்ட நூலகங்களுக்கு. பணம் கொடுப்பவர் உள்ளூர்க்காரர், செலவழிக்கும் அமைப்பும் உள்ளூர் என்றுதான் சட்டம் நினைத்தது. நாட்டின் முதல் சட்டத்தை எழுதியவர்கள் அன்றே வட்டாரத்தை மனத்தில் வைத்திருந்தார்கள். புத்தகம் வாங்குகிற நடைமுறை பிற்பாடு சென்னையை நோக்கித் திரும்பிக்கொண்டது.

லைப்ரரி ஆர்டர்

பதிப்பாளர்களைக் கேட்டால் 'லைப்ரரி ஆர்டர்' என்ற சொல்லைப் பெருமூச்சோடு சொல்வார்கள். தமிழ்ப் பதிப்புலகம் பல ஆண்டுகள் அதை நம்பியே சுழன்றது. மாதிரிப் பிரதி அனுப்ப வேண்டும், குழு தேர்ந்தெடுக்க வேண்டும், பக்கக் கணக்கில், பாரக் கணக்கில் துறை ஒரு விலை வைக்கும், அதை ஏற்றுக்கொண்டு பிரதிகளை மாவட்ட வாரியாகக் கட்டி அனுப்ப வேண்டும், பிறகு பணத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஆர்டர் வராத ஆண்டுகளும் உண்டு. நல்ல தாளில் அடித்தாலும் மட்டமான தாளில் அடித்தாலும் விலை ஏறத்தாழ ஒன்றே என்பதால், நூலகத்துக்கென்றே மட்டமாக அச்சடித்தவர்களும் இருந்தார்கள். 2024-இல் வெளிப்படையான நூல் கொள்முதல் கொள்கை என்று ஒன்று வந்து, விண்ணப்பம் இணையவழி என்றானது. பதிப்பாளர்கள் நீண்ட நாள் கேட்டுக்கொண்டிருந்த சீர்திருத்தம். வரவேற்கத்தக்கதே.

ஆனால் வெளிப்படைத்தன்மை வேறு, வட்டாரம் வேறு. மாநிலம் முழுவதற்கும் ஒரே பட்டியலில் தேர்வாகும் புத்தகம் எல்லா மாவட்டத்துக்கும் போகும். ஓசூர் நூலகத்துக்கும் உடன்குடி நூலகத்துக்கும் ஏறக்குறைய ஒரே கட்டு. 4,600-க்கும் மேற்பட்ட நூலகங்கள் உள்ள மாநிலத்தில் நிர்வாக வசதிக்கு இது சரி. கி.ரா.வும் இமையமும் சோ. தர்மனும் இந்த வழியில் நூலகத்துக்குள் வந்துவிடுவார்கள். அவர்கள் பெயர் மாநிலம் அறிந்தது. வராமல் போவது இன்னொரு ஜாதிப் புத்தகம்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பத்தாண்டு அலைந்து தன் ஊரின் வரலாற்றை எழுதுவார். கல்வெட்டு, குலதெய்வம், ஏரிப் பாசனம், எந்தத் தெருவுக்கு எப்போது மின்சாரம் வந்தது, எந்தப் பஞ்சத்தில் யார் இலங்கைக்குப் போனார்கள் என்று எல்லாம் இருக்கும். உள்ளூர் அச்சகத்தில் முந்நூறு படி. மகன் செலவு. வெளியீட்டு விழாவில் நூறு போகும், மீதி பரணில் ஏறும். பள்ளி நூற்றாண்டு மலர், குடமுழுக்கு மலர், கூட்டுறவுச் சங்கப் பொன்விழா மலர், ஒப்பாரிப் பாடல்களைச் சேகரித்த ஆசிரியையின் சிறு தொகுப்பு எல்லாம் இந்த இனம்தான். இவை பதிப்பகம் வழியாக வருவதில்லை, புத்தகக் காட்சியில் கடை போடுவதில்லை, லைப்ரரி ஆர்டருக்கு விண்ணப்பிக்கவும் தெரியாது. நடை சில சமயம் கரடுமுரடு, அச்சுப்பிழை ஏராளம், தற்பெருமை தாராளம். ஆனாலும் நாளை அந்த ஊரைப் பற்றி எழுதப் போகிறவருக்கு அந்தத் தகவல் வேறெங்கும் கிடைக்காது.

வட்டாரச் சொல்லகராதிகளின் கதையும் இதற்கு நெருக்கமானது. கி.ரா. கரிசல் காட்டுச் சொற்களை அகராதியாகக் கொண்டுவந்தது 1982-இல். கொங்குச் சொல்லகராதியை 2000-இல் பெருமாள்முருகன் செய்தார். நடுநாட்டுச் சொல்லகராதியைத் தொகுத்த கண்மணி குணசேகரன் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைத் தொழிலாளி. மூன்றுமே தனி மனிதர்கள் முன்வந்து செய்தவை. இந்த அகராதிகள் அந்தந்த வட்டாரத்தின் ஒவ்வொரு கிளை நூலகத்திலும் மேசை மேல் கிடக்க வேண்டாமா? பக்கத்தில் ஒரு பென்சிலும் வைத்தால், விட்டுப்போன சொற்களை ஊர்க்காரர்களே எழுதி வைத்துவிட்டுப் போவார்கள்.

ஐம்பது ரூபாய் அபராதம்

எழும்பூர் பாந்தியன் சாலையில் அருங்காட்சியக வளாகத்துக்குள் இருக்கிறது கன்னிமாரா. இதுதான் சட்டப்படி நம் மாநில மைய நூலகம். 1860 வாக்கில் அருங்காட்சியகத்தின் மூலையில் சிறு நூலகமாகத் தொடங்கியது. இங்கிலாந்தின் ஹெய்லிபரிக் கல்லூரியில் உபரியாகக் கிடந்த புத்தகங்கள்தான் முதல் சரக்கு. 1890-இல் ஆளுநர் கன்னிமாரா பிரபு அடிக்கல் நாட்டினார், 1896 டிசம்பர் 5-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஹென்றி இர்வின் கட்டிய அந்தப் பழைய கூடத்தின் மேற்கூரை வேலைப்பாட்டைப் பார்த்தவர்கள் சிறிது நேரம் புத்தகத்தை மறந்துவிடுவார்கள். கன்னிமாரா என்பது அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு வட்டாரத்தின் பெயர் என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம்.

1954-இன் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலையும் வெளியிட்டவர் 30 நாளுக்குள் தம் செலவில் நான்கு நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும். கொல்கத்தா தேசிய நூலகம், மும்பை, தில்லி, நான்காவது கன்னிமாரா. தென்னிந்தியாவுக்கு இது ஒன்றுதான். அனுப்பத் தவறினால் அபராதம் ஐம்பது ரூபாய் வரை, கூடவே புத்தகத்தின் விலை. அஞ்சல் செலவு அதைவிட அதிகமாகும் காலம் இது. பெரிய பதிப்பகங்கள் கடமையாக அனுப்புகின்றன. மேலே சொன்ன தலைமையாசிரியருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. அச்சகக்காரரும் சொல்வதில்லை. ஆக மாநிலத்தின் நினைவுக் கிடங்காக இருக்க வேண்டிய இடத்திலும் ஊர்ப் புத்தகம் தற்செயலாகத்தான் வந்து சேர்கிறது.

கன்னிமாரா வளாகத்தில் இன்னொரு நல்ல ஏற்பாடு உண்டு. ஆண்டு முழுவதும் நடக்கும் நிரந்தரப் புத்தகக் காட்சி. ஜனவரியில் நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சிக்குப் போக முடியாதவர்களுக்கு இது கைகொடுக்கிறது. இதைப் போல மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றிலும் அந்த மாவட்ட எழுத்தாளர்களின் நூல்களை விற்க ஒரு சிறு அறை ஒதுக்கினால், பரணில் ஏறிய இருநூறு படிகளும் கீழே இறங்கும்.

சனிக்கிழமை மாலை

அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் பற்றிச் சொல்லாமல் நூலக நிகழ்ச்சிகளைப் பேச முடியாது. 2010 செப்டம்பர் 15-இல் திறந்து, மறு ஆண்டு நவம்பரிலேயே அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அடுத்து வந்த அரசு அறிவித்தது. உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பராமரிப்புக்கும் நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. இத்தனைக்கும் பிறகு அது பிழைத்திருப்பதற்கு, நாள்தோறும் காலையிலேயே வரிசையில் வந்து நிற்கும் வாசகர்களும் ஒரு காரணம். பிரெய்ல் பிரிவு, செயற்கை மரத்தடியில் குழந்தைகள் பிரிவு, சொந்தப் புத்தகத்தோடு வந்து படிப்பவர்களுக்குத் தனிக் கூடம் என்று அதற்குள் பல உலகங்கள்.

அங்கே சனிக்கிழமை மாலைகளில் 'பொன்மாலைப் பொழுது' நடக்கிறது. எழுத்தாளர், ஆய்வாளர், கலைஞர் யாராவது ஒருவர் பேசுவார், பிறகு கேள்வி பதில். பொன்னாடை கொஞ்சம், பேச்சு நிறைய. நேரில் வர முடியாதவர்களுக்கு யூடியூபில் பதிவுகள் கிடைக்கின்றன. பெரிய திருவிழாக்களைவிட எனக்கு இந்த வடிவம் பிடித்திருக்கிறது. திருவிழா ஆண்டுக்கு ஒரு முறை வரும், நிதி இல்லாவிட்டால் வராமலும் போகும். வாரந்தோறும் நடப்பதற்கு ஒரு மைக்கும் ஐம்பது நாற்காலியும் போதும். 2023 ஜூலை 15-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு தென்மாவட்டங்களுக்கும் அப்படி ஒரு மேடை அமைந்திருக்கிறது.

கிளை நூலகங்களிலும் இதற்கான எலும்புக்கூடு ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் வாசகர் வட்டம். தலைவர், செயலாளர், பதிவேடு எல்லாம் உண்டு. ஆயிரம் ரூபாய் செலுத்திப் புரவலர் ஆனவர்களின் பெயர்ப்பலகை சுவரில் தொங்கும். நல்ல நூலகர் அமைந்த ஊரில் வாசகர் வட்டம் மாதம் ஒரு கூட்டம் போடுகிறது. அமையாத ஊரில் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரத்தில் மட்டும் விழித்துக்கொண்டு, பேச்சுப் போட்டியும் கோலப் போட்டியும் நடத்தி, சான்றிதழ் கொடுத்து, திரும்பவும் படுத்துக்கொள்கிறது. முழுநேர நூலகர் இல்லாமல், உதவிக்கு ஆளில்லாமல் நடக்கிற நூலகங்களிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை. கூட்டித் துடைப்பதிலிருந்து கணினியில் பதிவேற்றுவது வரை ஒரே ஆள் என்றால் கூட்டம் நடத்துவது யார்?

மலையைத் தாண்டி, கடலைத் தாண்டி

செங்கோட்டையைத் தாண்டினால் கதை வேறு. கேரளத்தில் 1945-இல் பி. என். பணிக்கர் 47 ஊர் நூலகங்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். அந்த மரபில் வந்த கிராம நூலகங்களை இன்றும் ஊர்க்காரர்களே கமிட்டி போட்டு நடத்துகிறார்கள். அரசு உதவித்தொகை மாநில நூலக கவுன்சில் வழியாக வருகிறது. அந்தத் தொகையை எடுத்துக்கொண்டு கமிட்டி உறுப்பினர்கள் மாவட்ட நூலக கவுன்சில் நடத்தும் புத்தகக் காட்சிக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கித் தங்கள் நூலகத்துக்கான புத்தகத்தைத் தாங்களே பொறுக்கி எடுக்கிறார்கள். வாங்குகிற கூட்டம் தேடி வருவதால் சிறு பதிப்பாளர்களும் வருகிறார்கள். தமிழ்நாட்டிலும் 2022 முதல் அரசு நிதியில் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. அதே திடலில் அதே மாவட்டத்தின் கிளை நூலகர்கள் ஆளுக்கொரு சிறு தொகையோடு நடமாடினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

இலங்கைத் தமிழர்கள் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களோடும் ஏட்டுச்சுவடிகளோடும் எரிக்கப்பட்ட வலி அவர்களுக்கு உண்டு. 2005-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் இணையத் திட்டம், ஈழத்தில் அச்சான எதையும் தள்ளுவதில்லை என்ற கொள்கையோடு இயங்குகிறது. நாவலும் ஆய்வும் மட்டுமல்ல, பாடசாலை மலர், கோயில் மலர், ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் குடும்பத்தார் அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலர் வரை மின்வடிவில் ஏறியிருக்கிறது. இலக்கியத் தரம் பார்த்துச் சேர்த்திருந்தால் இவற்றில் பாதி உள்ளே வந்திருக்காது. ஒரு சிற்றூரின் குடிவழியையும் தொழிலையும் இடப்பெயர்வையும் அந்த மலர்களை வைத்தே எழுதிவிடலாம்.

நம்மிடமும் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஒற்றை மனிதராகத் திரட்டியதில் நாடக நோட்டீசும் திருமண அழைப்பிதழும் இருந்தன. அவர் சேகரிப்பை வைத்தே 1994-இல் சென்னையில் ஆய்வு நூலகம் எழுந்தது. புதுக்கோட்டையில் ஞானாலயா என்ற நூலகம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. குறை என்னவென்றால், பெரும்பாலும் தனியார் ஆர்வத்தில் நடந்த இந்தக் காரியத்தை, வரி வாங்குகிற அமைப்பு தன் அன்றாட வேலையாக இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. மாவட்ட மைய நூலகத்தில் ஓர் அறை, கிளை நூலகத்தில் ஓர் அலமாரி, மேலே அந்த வட்டாரத்தின் பெயர். அந்தந்த மண்ணின் நாவல்களான 'நாகம்மாள்' கோவையிலும், 'புத்தம் வீடு' நாகர்கோவிலிலும், 'ஆழி சூழ் உலகு' தூத்துக்குடியிலும் எப்போது போனாலும் கையில் கிடைக்க வேண்டும். கூடவே ஊர் வரலாறுகளும் மலர்களும். அடுத்த நூலக வாரத்தில் கோலப் போட்டிக்கும் பேச்சுப் போட்டிக்கும் நடுவே ஒரு நாளை ஒதுக்கி, வீட்டுப் பரணில் இருப்பதைக் கொண்டுவந்து கொடுங்கள் என்று வாசகர் வட்டம் அறிவித்தாலே பாதி அலமாரி நிறைந்துவிடும். இதற்குச் சென்னை இயக்குநரகத்தின் அனுமதி வேண்டுமா என்பதுதான் எந்த நூலகரும் கேட்கக்கூடிய முதல் கேள்வி. தன் நூலகங்களுக்குப் புத்தகம் சேர்ப்பது உள்ளூர் ஆணைக்குழுவுக்கே உரிய அதிகாரம் என்று 1948-இன் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.